மேலே ஓடிப்போன வரிகளைப் படியுங்கள்

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் கணினி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் பலர் காலையில் சிவகிரி பஸ் ஸ்டாண்டில் ஏறி ராஜபாளையம் பக்கமோ தென்காசி பக்கமோ சங்கரன்கோவில் பக்கமோ கல்லூரிக்குப் போகிறவர்கள். சிலர் பன்னிரண்டாம் வகுப்பில் பைதான் படிக்கிறீர்கள். சிலர் படிப்பை முடித்துவிட்டு, சர்வர்களைக் கவனிக்கும் வேலைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்பத் தயாராக இருக்கிறீர்கள். உங்கள் எல்லோரிடமும் ஒரே ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் மேலே ஓடி மறைந்த வரிகளைத் திரும்பப் போய்ப் படிக்கும் பழக்கம். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் இது இல்லாத ஒரே காரணத்தால், சூட்டிகையான பிள்ளைகள் 'எனக்கு கோடிங் வராது' என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு விலகிப்போவதைப் பார்க்கிறேன். மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

நடப்பது என்னவென்று உங்களுக்கே தெரியும். ஒரு நிரலைக் கம்பைல் செய்கிறீர்கள். திரை முழுக்கப் பிழைச் செய்தி கொட்டுகிறது. கடைசி இரண்டு வரி கண்ணில் படுகிறது, புரியவில்லை. ஜன்னலை மூடுகிறீர்கள், மறுபடி திறக்கிறீர்கள், அதையே மறுபடி ஓட்டுகிறீர்கள். அதே பிழை. பிறகு கைபேசியில் திரையைப் படம்பிடித்து, தெரிந்த அண்ணனுக்கோ அக்காவுக்கோ அனுப்புகிறீர்கள். அந்தப் படத்திலும் இருப்பது கடைசி இருபது வரிதான். காரணத்தைச் சொல்லும் வரி அதற்கு மேலே எங்கோ கிடக்கிறது. அதை நீங்களும் பார்க்கவில்லை, படத்தைப் பெற்றவரும் பார்க்கவில்லை.

சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் முதல் பிழைதான் பெரும்பாலும் உண்மையான பிழை. ஓரிடத்தில் ஓர் அடைப்புக்குறியோ அரைப்புள்ளியோ விட்டுப்போனால் கம்பைலர் தடம் மாறிவிடும். அதன் பிறகு ஒழுங்காக இருக்கும் வரிகளையும் சேர்த்துக் குற்றம் சொல்லிக்கொண்டே போகும். முதலாவதைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினால் மீதியில் பல தாமாகவே காணாமல் போகும். 'மேக்' என்ற கருவியை வைத்துப் பெரிய நிரல் ஒன்றைக் கட்டினால் கடைசி வரியில் 'எரர் 1' என்று வரும். அந்த ஒன்றை எத்தனை தடவை கூகுளில் தேடினாலும் பயனில்லை. ஏதோ ஒரு வேலை தவறியது என்பதற்கு மேல் அதில் செய்தி கிடையாது, எது தவறியது என்பது பல வரிகளுக்கு மேலே இருக்கும். பைதானில் கதை தலைகீழ். பிழையின் பெயர் கடைசி வரியில் வரும். அதற்கு மேலே இருப்பது, எந்த ஃபைலின் எந்த வரியிலிருந்து எந்த வரிக்குப் போய்க் கடைசியில் எங்கே விழுந்தது என்ற முழு வழி. பெயரை மட்டும் படித்து வழியைப் படிக்காமல் விட்டால் நோயின் பெயர் தெரியும், எங்கே வலிக்கிறது என்று தெரியாது. ஜாவாவில் பிழை மேலே தொடங்கும், ஆனால் அடியோட்டமான காரணம் 'காஸ்ட் பை' என்று தொடங்கும் வரியில் கீழே ஒளிந்திருக்கும். எந்த மொழி எந்தப் பக்கம் வைத்துப் பேசுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

நம் ஊரில் ஒரு ஏக்கர் நிலம் வாங்கப் போகிறவர் கடைசிப் பத்திரத்தை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுக்க மாட்டார். பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டு, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, எங்கே அடமானம் விழுந்தது என்று மேலே மேலே போய்ப் பார்ப்பார். எழுத்து தெரியாத பெரியவர்கூட இதில் ஏமாற மாட்டார். அந்த நிதானத்தைத்தான் திரையின் முன்னால் உங்களிடம் கேட்கிறேன்.

முன்பு வரிகள் ஓடி மறையும் இந்தச் சிக்கலே இல்லை. திரை என்பதே இல்லாத காலம் அது. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் செய்தபோது உட்கார்ந்திருந்தது 'டெலிடைப் 33' என்ற தட்டச்சு இயந்திரத்தின் முன்னால். வினாடிக்குப் பத்து எழுத்து வீதம் அது காகிதச் சுருளில் அடித்துக்கொண்டே போகும். ஒரு மணி நேரத்துக்கு முன் வந்த விடை வேண்டுமென்றால் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தால் போதும். பிறகு திரை வந்தது. 1978-ல் டெக் நிறுவனம் கொண்டுவந்த 'விடி 100' முனையம் இன்றைக்கும் நம் டெர்மினல்களுக்கு மூத்த முன்னோர். அதில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. இருபத்தைந்தாவது வரி வந்தால் முதல் வரி போனது போனதுதான், திரும்பக் கூப்பிட வழியில்லை. வேகம் கூடியது, சத்தம் குறைந்தது, காகிதச் செலவு மிச்சமானது. கூடவே நினைவும் போயிற்று.

அதே 1978-ல் பெர்க்லியில் டேனியல் ஹால்பர்ட் 'மோர்' என்ற கருவியை எழுதினார். நீளமான ஃபைலை ஒவ்வொரு திரையாக நிறுத்தி நிறுத்திக் காட்டும். ஆனால் முன்னோக்கி மட்டும்தான் போகும். ஒரு பக்கம் தாண்டிவிட்டால் திரும்ப முடியாது. பின்னோக்கிப் போகவும் வேண்டும் என்பதற்காகவே 1980-களில் மார்க் நூடல்மன் 'லெஸ்' என்ற கருவியை எழுதினார். இன்று லினக்ஸ் இருக்கும் பெரும்பாலான இடங்களில் அது இருக்கிறது. நீங்கள் கையில் எடுக்க வேண்டிய முதல் கருவியும் அதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தமிழ்நாட்டுக் கல்லூரி லேபுகளில் ஒரு தலைமுறைக்கு மேல் டர்போ சி ஓடியது. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. அதில் நிரலை ஓட்டினால் விடை வேறொரு திரையில் மின்னி மறையும். பார்க்க வேண்டுமென்றால் ஆல்ட்டும் எஃப் 5-ம் சேர்த்து அழுத்த வேண்டும். முன்பு ஓட்டிய நிரலின் விடை அதே திரையில் எச்சமாக நிற்கும் என்பதால் ஒவ்வொரு நிரலின் முதல் வரியிலும் திரையைத் துடைக்கும் கட்டளையை எழுதச் சொன்னார்கள். விடை ஓடிப்போகாமல் நிற்கக் கடைசி வரியில் ஒரு விசைக்காகக் காத்திருக்கும் கட்டளையை எழுதச் சொன்னார்கள். காரணம் தெரிந்து சொன்ன ஆசிரியர்களும் உண்டு, பழக்கத்தில் சொன்னவர்களும் உண்டு. விளைவாக, நிரல் என்றாலே முதலில் பழையதை அழித்துவிட்டுத் தொடங்குவது என்று ஆயிரக்கணக்கான கைகள் பழகிவிட்டன. இன்று லினக்ஸில் உட்காரும் பிள்ளையும் பிழை வந்த மறுகணம் 'கிளியர்' என்று அடிப்பதற்கு அந்தப் பழக்கத்தின் வேர் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். புதிய லினக்ஸ்களில் அந்தக் கட்டளை கண் முன்னால் இருப்பதை மட்டும் துடைப்பதில்லை. பல டெர்மினல்களில் மேலே சேர்ந்திருக்கும் பழைய வரிகளையும் சேர்த்து அழித்துவிடும். திரை சுத்தமாக வேண்டுமென்றால் கன்ட்ரோலும் எல்-ம் அழுத்துங்கள். பெரும்பாலான இடங்களில் பழைய வரிகள் மேலே பத்திரமாக இருக்கும்.

ரெக்கார்டு நோட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு, முடிவு. முடிவில் எல்லோரும் எழுதும் வாக்கியம் ஒன்றுதான்: நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு விடை சரிபார்க்கப்பட்டது. வருஷம் முழுக்க எழுதும் அந்த நோட்டில் பிழைச் செய்திக்கு என்று ஒரு வரிகூட இடம் கிடையாது. எந்தப் பிழை வந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று வைவாவில் கேட்பவரும் அரிது. வேலையில் சேர்ந்தால் உங்கள் நாளின் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதிலேயே போகும். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அங்கே ஆனாலும் அமெரிக்காவில் ஆனாலும், ஒரு சர்வர் நின்றுபோனால் பொறியாளர் முதலில் செய்வது பழைய வரிகளைத் திறந்து, எப்போது முதல் அறிகுறி தெரிந்தது என்று பார்ப்பதுதான்.

லினக்ஸ் கன்சோலிலேயே 2020-ல் நடந்த ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஜன்னலோ எலியோ இல்லாத முழுக் கறுப்புத் திரை வரும். பல வருஷமாக அதில் ஷிஃப்டும் பேஜ் அப்பும் அழுத்தினால் மேலே ஓடிய வரிகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. பழைய விஜிஏ அட்டையின் எழுத்து நினைவகம் 32 கிலோபைட். ஓர் எழுத்துக்கு அதன் நிறத்தோடு சேர்த்து 2 பைட், ஒரு வரிக்கு 160 பைட். ஆக மொத்தம் 204 வரி கொள்ளும். அது போதாதென்று கெர்னலுக்குள்ளேயே மென்பொருள் வழியாகவும் பழைய வரிகளைச் சேமிக்க ஏற்பாடு இருந்தது. அந்தப் பகுதியை யாரும் அக்கறையாகப் பேணவில்லை. திரையின் அளவை மாற்றும்போது எல்லை தாண்டி வேறு நினைவகத்தில் எழுதிவிடும் பாதுகாப்பு ஓட்டைகள் அதில் வெளிப்பட்டன. 2020 செப்டம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒட்டுப்போடாமல் அந்த வசதியையே வெட்டி எடுத்துவிட்டார். முன்பு எல்லோரும் கன்சோலிலேயே வேலை செய்தபோது இது உதவியது, இப்போது இதன் மூலைமுடுக்குகளோடு மல்லுக்கட்ட ஆளில்லை, இழுத்துக்கொண்டு திரிவதில் பயனில்லை என்பது அவர் கொடுத்த விளக்கத்தின் சாரம். அடுத்த மாதம் வெளியான 5.9 பதிப்பில் அது இல்லை. பழைய பதிப்புகளுக்கும் அந்த நீக்கம் போய்ச் சேர்ந்தது.

பாதுகாப்பு என்று பார்த்தால் அவர் செய்தது சரி. ஆனால் இழப்பு யாருக்கு என்று யோசியுங்கள். புத்தம்புது மடிக்கணினி வைத்திருப்பவருக்கு இல்லை. கிராஃபிக்ஸ் டிரைவர் கெட்டு, ஜன்னல் எதுவும் திறக்காமல், கறுப்புத் திரை மட்டும் மிஞ்சிய பழைய இயந்திரத்தின் முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பவருக்குத்தான். 2011-ல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் வந்த இயந்திரங்களில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அண்ணனோ அக்காவோ வாங்கிய அந்த இயந்திரம் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் பரண்மேல் கிடக்கிறது. அதில் புது லினக்ஸ் ஏற்றிக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு ஷிஃப்ட்-பேஜ் அப் வேலை செய்யவில்லை என்றால், தப்பு தன் மேல் என்றே தோன்றும். உங்கள் மேல் தப்பில்லை. அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டது. இணையத்தில் கிடக்கும் பழைய குறிப்புகள் பல இன்னும் அதை அழுத்தச் சொல்லிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? திரையை நம்பாதீர்கள். ஓடுவதற்கு முன்பே பிடித்துவையுங்கள். எந்தக் கட்டளை நிறையக் கொட்டும் என்று தெரிகிறதோ, அதன் பின்னால் ஒரு நெடுங்கோடு (|) போட்டு லெஸ்ஸை எழுதுங்கள். மேலும் கீழும் போகலாம், சாய்கோடு அடித்து 'எரர்' என்று தேடலாம், 'என்' எழுத்து விசையை அழுத்தினால் அடுத்த இடத்துக்குத் தாவும், கியூ அழுத்தினால் வெளியே வரும். இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. லினக்ஸில் விடையும் பிழையும் ஒரே திரையில் தெரிந்தாலும் வெவ்வேறு வழியாக வருகின்றன. வெறும் நெடுங்கோடு விடையை மட்டுமே லெஸ்ஸுக்குள் கொண்டுபோகும். பிழை அதற்குள் போகாமல் நேராகத் திரைக்கு ஓடிவிடும். நெடுங்கோட்டுக்கு முன் 2>&1 சேர்த்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். பாஷ் ஷெல்லில் |& என்று சுருக்கமாக எழுதினாலும் அதே வேலை நடக்கும். இந்த ஒரு நுணுக்கம் தெரியாமல் 'லெஸ் போட்டேன், ஒன்றும் வரவில்லை' என்று சொன்ன பிள்ளைகள் நிறையப் பேர்.

முழு நேரமும் நடப்பதைப் பதிய வேண்டுமென்றால் 'ஸ்கிரிப்ட்' என்ற கட்டளை இருக்கிறது. 1979-லிருந்தே யுனிக்ஸில் உண்டு. அதை அடித்துவிட்டு வேலையைத் தொடங்கினால், நீங்கள் அடித்ததும் இயந்திரம் சொன்னதும் ஒரு ஃபைலில் சேர்ந்துகொண்டே வரும். முடிக்க 'எக்ஸிட்'. டெலிடைப்பின் காகிதச் சுருள் மறுபடி கைக்கு வந்த மாதிரிதான்.

தொலைவிலிருக்கும் சர்வரில் வேலை என்றால் 'டிமக்ஸ்' கற்றுக்கொள்ளுங்கள். 2007-ல் நிக்கோலஸ் மாரியட் தொடங்கியது. ஆடி மாதக் காற்றில் கரண்டு போய், நெட் அறுந்து, உங்கள் ஜன்னல் செத்தாலும் அங்கே நடக்கும் வேலை சாகாது. மறுபடி இணைந்தால் விட்ட இடத்தில் இருக்கும். தானாகவே 2000 வரி நினைவில் வைத்திருக்கும், அமைப்பில் கூட்டிக்கொள்ளலாம். கன்ட்ரோல்-பி அழுத்தி விட்டு, இடது சதுர அடைப்புக்குறியை அழுத்தினால் பழைய வரிகளுக்குள் போகலாம். கன்சோலிலும் இது வேலை செய்யும் என்பதால், 2020-ல் போனதற்கு இதுவே நல்ல மாற்று.

இயந்திரம் துவங்கும்போது ஓடும் வரிகளுக்கு வேறு வழி. கெர்னல் சொன்னதை 'டி, எம், இ, எஸ், ஜி' என்ற ஐந்தெழுத்துக் கட்டளை காட்டும். புதிய பதிப்புகளில் 'சூடோ' சேர்க்க வேண்டியிருக்கும். சிஸ்டம்-டி உள்ள லினக்ஸ்களில் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளைக்கு, இப்போதைய துவக்கம், அதற்கு முந்தைய துவக்கம் என்று பிரித்துக் கேட்கத் தெரியும். முந்தையது கிடைக்க, பதிவுகளை வட்டில் சேமிக்கும்படி அமைத்திருக்க வேண்டும். இயந்திரம் நேற்று ராத்திரி தானாக அணைந்தது என்றால், இன்று காலை வந்த வரிகளில் விடை இருக்காது.

கைபேசியில் டெர்மக்ஸ் வைத்துப் படிக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு விரலால் கீழே இழுத்தாலே பழைய வரிகள் வரும். கணினி இல்லை என்று குறைபட்டுக்கொள்ள வேண்டாம், இந்தப் பழக்கத்துக்கு அது போதும். இன்னொன்று: தவறிக் கன்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டால் திரை உறைந்து நிற்கும். இயந்திரம் தொங்கிவிட்டது என்று எண்ணி அணைத்துவிடாதீர்கள். கன்ட்ரோல்-கியூ அழுத்தினால் ஓடும்.

இவ்வளவு கருவியும் கையில் இருந்தும் மேலே போகாததற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. அது ஆங்கிலம். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை, திரை நிறைய ஆங்கிலம் கொட்டினால், தன்னைத் திட்டுகிறார்கள் என்பது போலக் கண்ணைத் திருப்பிக்கொள்கிறது. லினக்ஸ் கன்சோல் தமிழில் பேசுவதும் இப்போதைக்கு நடக்காது. அதில் ஒரே நேரத்தில் 512 உருவங்களுக்கு மேல் எழுத்துரு ஏற்ற முடியாது. ஒவ்வொரு குறியீட்டையும் ஒரு கட்டத்துக்குள் வைத்துவிட்டுப் போய்விடும். 'கொ' என்ற எழுத்தில் ககரத்துக்கு முன்னும் பின்னும் குறி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே ஆங்கிலத்தைத்தான் எதிர்கொள்ள வேண்டும். ஆனால் அது பேச்சு ஆங்கிலம் போலப் பரந்ததில்லை. திரும்பத் திரும்ப வருவது சில பத்து வாக்கியங்கள்தான். 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்றால் அந்தப் பெயரில் ஃபைலோ ஃபோல்டரோ அங்கே இல்லை. பெயரில் எழுத்துப்பிழை இருக்கும், அல்லது நீங்கள் வேறு ஃபோல்டரில் நிற்கிறீர்கள். 'பெர்மிஷன் டினைட்' என்றால் உங்களுக்கு அனுமதி இல்லை. 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றால் அந்தக் கட்டளையை இன்னும் நிறுவவில்லை, அல்லது தப்பாக அடித்திருக்கிறீர்கள். 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்றால் அந்த போர்ட்டை வேறொரு நிரல் பிடித்துவைத்திருக்கிறது. 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்றால் உங்கள் நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. இப்படி வருவதை வருவதை ஒரு நோட்டில் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிவையுங்கள். ஒரு செமஸ்டர் முடிவதற்குள் புதிதாக வரும் வாக்கியம் அபூர்வமாகிவிடும். தமிழில் படிக்க ஆசையிருந்தால் 2012-லிருந்து கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. து. நித்யா எளிய தமிழில் எழுதிய லினக்ஸ் நூல் இலவசமாகவே கிடைக்கிறது.

ஓர் எச்சரிக்கை. பழைய வரிகள் உங்களுக்குத் தெரிவது போல மற்றவர்க்கும் தெரியும். கட்டளையோடு சேர்த்துக் கடவுச்சொல்லை அடிக்காதீர்கள். அது திரையிலும் நிற்கும், ஷெல்லின் வரலாற்றுக் கோப்பிலும் நிற்கும். உதவி கேட்டுப் படம் அனுப்பும் முன் மேலே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். லேப் கணினியில் வேலை முடிந்தால் வெளியேறிவிட்டு எழுந்திருங்கள்.

ஆசிரியர்கள் இந்த மடலைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரெக்கார்டு நோட்டில், வெளியீட்டுக்கு முன்னால், 'வந்த பிழையும் திருத்திய விதமும்' என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பாடத்திட்டம் அதற்குக் குறுக்கே நிற்காது. அந்தப் பக்கத்துக்கும் சேர்த்து மதிப்பெண் கொடுங்கள். பிழை வராத நோட்டு எழுதியவரைவிட, வந்த பிழையை ஒழுங்காக எழுதிய பிள்ளை அதிகம் கற்றிருக்கும்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த தடவை திரை முழுக்கப் பிழை கொட்டினால் ஜன்னலை மூடாதீர்கள், துடைக்காதீர்கள். மேலே போய் முதல் பிழையைக் கண்டுபிடித்து, அதை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். அதன் பிறகும் புரியவில்லை என்றால் அந்த முதல் பிழையிலிருந்து கடைசி வரி வரை அப்படியே எடுத்து, படமாக இல்லாமல் எழுத்தாகவே அனுப்பிக் கேளுங்கள். கேட்பவருக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறோம்.

அன்புடன்,
சிவகிரியிலிருந்து உங்கள் அண்ணன்